காமாலைக்காரரின் தாய்மாமன்

கொரோனா இரண்டாம் அலை நடந்துகொண்டிருந்தபோது, முன்பு என்னிடம் வேலை பார்த்த லேப் டெக்னீஷியன் பெண் ஒருத்தி மதுரையிலிருந்து போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றிருந்த நேரம்.

"அக்கா, ஐசியூவுக்குப் போறது பூராவும் ஆம்பளைகளாவே இருக்காவளே. பொம்பளைகளுக்கும் அதே கிருமிதான? ஏங்க்கா இப்படி?"

படித்துவைத்திருந்ததைச் சொன்னேன். ஒன்று, பழக்கவழக்கம்: புகை, குடி, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருவது. இரண்டு, ஹார்மோன்: பெண் ஹார்மோன் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது, ஆண் ஹார்மோன் அதைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது என்கிறார்கள். மூன்று, பிறவி: நோயோடு போராடுவதற்கான ஜீன்கள் பல எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான்.

"இன்னும் எல்லாத்துக்கும் நம்பர் போட்டுத்தான் பேசுவியளா?" என்று சிரித்தாள். அதற்குள் சாம்பிள் பெட்டி வந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

மூன்றாவதைப் பற்றி நான் சொல்ல நினைத்தது மிச்சம் நின்றுவிட்டது. அது புத்தகத்தில் படித்ததல்ல. ராஜபாளையத்தில் ஒரு காமாலை வார்டில் தொடங்கி, பத்து வருடம் போல் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் முடிந்தது. அதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதனால் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

மதுரையில் ஒரு வருடப் படிப்பு. குழாய் கழுவினேன், வாயால் பிப்பெட் உறிஞ்சினேன், ஊசி குத்தும்போது கை நடுங்காமல் இருக்கப் பழகினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், இருபத்திரண்டு வயதில், ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் மில் தொழிலாளிகளும் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களும். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் லேப். அதில் ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றுகிற சென்ட்ரிஃப்யூஜ், நிறத்தை அளக்கும் கலோரிமீட்டர், வெந்நீர்த் தொட்டி, நான்.

பெரிய டாக்டருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். காமாலை என்று யார் வந்தாலும் டியூப்லைட்டில் கண்ணைப் பார்க்க மாட்டார். மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார். "மேல பாரு. கீழ பாரு. நாக்க நீட்டு." சூரிய வெளிச்சத்தில் தெரியாத மஞ்சள் மஞ்சளே இல்லை என்பது அவர் கட்சி. கேஸ் ஷீட்டில் எதையும் முதலில் பென்சிலால் எழுதுவார். உறுதியானால் அந்த எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டுவார். இல்லையென்றால் ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிடுவார். பென்சிலில் இருப்பது சந்தேகம், பேனாவில் இருப்பது முடிவு என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் பென்சிலைத் தொட்டதில்லை. காமாலையோடு வரும் ஆணின் ஷீட்டில் 'குடி' என்பதை நேராகப் பேனாவால் எழுதிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதுதான் சிக்கல்.

லேப் நோட்டுக்கு அவர் வைத்த விதி, அன்றைய கடைசிப் பதிவுக்குக் கீழே சிவப்பில் இரட்டைக் கோடு போட வேண்டும். பிறகு யாரும் இடையில் எதையும் நுழைக்க முடியாது. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டில் மளிகைச் சாமான் சிட்டைக்குக் கீழேகூட இரட்டைக் கோடு போடத் தொடங்கினேன்.

முதல் வருடக் கோடையில் ஒரு மில் விடுதியில் பொன்னுக்கு வீங்கி பரவியது. கழுத்தில் தங்கம் கிடந்தால் வீக்கம் இறங்கும் என்பது இங்கே வழக்கம். இருபது இருபத்திரண்டு வயது ஆட்கள் அம்மா சங்கிலி, அக்கா சங்கிலி, யாரோ ஒரு மதினியின் நெக்லஸ் என்று மாட்டிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்மேரி என்று மூத்த நர்ஸ் ஒருவர், நாசரேத் பக்கம். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏலே, ஊசி போட வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?" என்று கேட்டார். தாடை வலியிலும் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்களில் நாலைந்து பேர் காலை அகட்டி நடந்தார்கள். என்ன என்று கேட்டால் "நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்றார்கள். என்னிடமும் ரோஸ்மேரியிடமும் அவ்வளவுதான் சொல்ல முடியும். டாக்டர் பார்த்துவிட்டு வந்து, விதை வீங்கியிருக்கிறது என்றார். அதே விடுதி வாட்ச்மேனின் ஏழு வயது மகனுக்கும் அதே வாரம் அதே நோய், அவனுக்குத் தாடையோடு போயிற்று.

"பருவம் வந்த பொறவுதான்மா அது கீழ எறங்கும். ஆம்பளச் சுரப்பு வேலை செய்யத் தொடங்கின எடத்துலதான் அதுக்கு வேலை" என்றார்.

அன்றைக்கு நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. நோய், வயது, ஆண் அல்லது பெண், எவ்வளவு கடுமை என்று நான்கு கட்டங்கள். இரண்டு மழைக்காலம் போனதும் காமாலைப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர். பெண்கள் கஞ்சி குடித்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்து எழுந்துவிட்டார்கள். படுத்தவர்களில் ஆண்களே அதிகம். ஒரு விதிவிலக்கு இருந்தது: நிறைமாதக் கர்ப்பிணிகள். அவர்களில் இருவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. உடம்பின் சுரப்பு மாறும்போது நோயின் கணக்கும் மாறுகிறது என்று அப்போதே தோன்றியது. ஆனால் அதைச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

நோட்டை டாக்டரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைப் பக்கத்துல ஒரு கட்டம் விட்டுட்டியேம்மா. குடி" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் குருசாமி வந்தான். இருபத்துநாலு வயது, மில்லில் ஸ்பின்னிங் பகுதி. சோழபுரத்துக்காரியான தாய் சீனியம்மாள் கூடவே வந்து, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டார். குருசாமியின் தங்கை பாக்கியத்துக்கும் முந்தின வாரம்தான் காமாலை. அவள் எழுந்து தறிக்குப் போய்விட்டாள். அண்ணன் மட்டும் படுத்துவிட்டான்.

டாக்டர் மோவாயை ஜன்னலுக்குத் திருப்பினார். "எம்புட்டு நாளாக் குடிக்கிற?"

"குடிக்கிறதில்ல சார்."

"நாத்தம் தெரியக்கூடாதுன்னு பாக்கு போடுவீங்களே, அந்தக் கணக்கையும் சேத்துச் சொல்லு."

"சாமி சத்தியமா இல்ல சார். பாட்டில் மூடியக் கழட்டுனாலே எனக்குக் குமட்டும்."

பார்க்க வந்திருந்த மில் கூட்டாளி, "நெசந்தான் சார். நாங்க கூப்பிட்டு கூப்பிட்டு அலுத்துட்டோம்" என்றான். டாக்டர் அவனையும் ஒரு முறை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

கேஸ் ஷீட்டில் குடும்ப விவரம் என்று ஒரு வரி உண்டு. தகப்பனார், தகப்பன் வழிப் பெரியப்பா சித்தப்பா, யாருக்காவது இந்த நோய் வந்ததா? யாருக்கும் இல்லை என்று சீனியம்மாள் சொன்னார். அது உண்மைதான்.

காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினை அளக்க அன்று மெஷின் கிடையாது. இரண்டு கரைசல்களை அந்த நேரத்தில் கலந்து ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் விட்டால் ஊதாச் சிவப்பு வரும். நிறம் எவ்வளவு கனமோ மஞ்சள் அவ்வளவு. குருசாமியின் நிறம் கலோரிமீட்டரின் முள்ளுக்கு அடங்கவில்லை. ஐந்து பங்காக நீர்த்துத்தான் படிக்க முடிந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்தது. தொற்றாக இருக்கும் என்று டாக்டர் பென்சிலால் எழுதி, சாயங்காலம் பேனாவை ஓட்டினார். சல்ஃபா மாத்திரை, காலை ஆறு, மாலை ஆறு.

வெள்ளிக்கிழமை காலை வந்த சிறுநீர் கடுங்காப்பி போல இருந்தது. ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உடனே காட்டியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் ஒரு சிவப்பணுகூட இல்லை. தொற்றுக்கான சீழணுவும் இல்லை. அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்து சாயம் மட்டும் இறங்குகிறது என்று பொருள். ஹீமோகுளோபின் பார்த்தேன். அது அமிலத்தில் விட்ட ரத்தத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்திலுள்ள பழுப்புக் கண்ணாடிக்கு இணையாக்கும் முறை. சேரும்போது பன்னிரண்டு இருந்தது. அன்றைக்கு ஏழுகூட இல்லை.

டாக்டரிடம் இதை நான்கு வரியில் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு ஷீட்டை முன்னால் இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்து 'ஜி சிக்ஸ் பிடி?' என்று எழுதினார். சிவப்பணு சில மருந்துகளாலும் நோய்களாலும் உடையாமல் காக்கிற ஒரு நொதி அது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவருக்குச் சாதாரணக் காமாலை வந்தாலே ரத்தம் உடைந்து கல்லீரலின் மேலும் சிறுநீரகத்தின் மேலும் கொட்டும். சல்ஃபா அதில் எண்ணெய் ஊற்றும்.

"நம்ம லேப்ல பாக்க முடியுமா?"

"முடியும் சார். நைட்ரைட் இருக்கு, மெத்திலீன் ப்ளூ இருக்கு. மூணு மணி நேரம் ஆகும்."

முறை எளிது. ரத்தத்தில் நைட்ரைட் சேர்த்தால் பழுப்பாகும். மெத்திலீன் நீலமும் சேர்த்து, உடம்புச் சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தால், நொதி உள்ள ரத்தம் தன்னைத் தானே மீட்டுக்கொண்டு சிவப்பாகும். நொதி இல்லாதது பழுப்பாகவே நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் சிவப்பாக ஒரு குழாய், வெறும் பழுப்பாக ஒரு குழாய்.

மதியம் எடுத்துப் பார்த்தபோது குருசாமியின் குழாய் சிவப்பாக இருந்தது. கொஞ்சம் மங்கல், ஆனாலும் சிவப்பு. டாக்டர் ரப்பரை எடுத்து அழித்து, தூளை ஊதினார். மாத்திரை தொடர்ந்தது.

அன்றைக்கு லேப் நோட்டில் இரட்டைக் கோடு போட எனக்கு மனம் வரவில்லை. போட்டேன். சனிக்கிழமை காலை சீக்கிரமே வந்து, மதுரைப் படிப்பின் புத்தகத்தில் அந்தச் சோதனையை மறுபடி வாசித்தேன். முறைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது சோதித்தால் நம்பாதே. நொதி குறைந்த பழைய அணுக்கள் முதலில் உடைந்துபோகும். மிஞ்சி நிற்பவை புதிய அணுக்கள், அவற்றில் நொதி ஓரளவு இருக்கும். முடிவு பொய்யாகச் சரியென்று வரும். குடும்பத்தாரைச் சோதித்துப் பார்.

குறை எக்ஸில் இருப்பது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். நாங்கள் தகப்பன் வழியைக் கேட்டிருந்தோம்.

சீனியம்மாள் வராந்தாக் குழாயில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"ஒரு தம்பி. சோழபுரத்துல சம்சாரி, வெள்ளாமை பாக்கான்."

"அண்ணன்?"

டம்ளரை மறுபடி கழுவினார். "எதுக்குக் கேக்க தாயி?"

"உங்க மகன் ரத்தம் உடையுது. அந்தக் கோளாறு தாய் வழியாத்தான் வரும். உங்களுக்கு ஒண்ணும் செய்யாது, உங்க வீட்டு ஆம்பளைகளுக்குச் செய்யும். அப்படி யாருக்காவது ஆச்சான்னு தெரிஞ்சா, இப்ப குடுக்கிற மாத்திரைய நிறுத்தச் சொல்லலாம்."

"அத எழுதுவியா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "தை மாசம் பாக்கியத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவதானம். எங்க வீட்டு ரத்தத்துல கோளாறுன்னு ஒரு சொல்லு பஸ் ஏறுனாப் போதும், தட்டத் திருப்பி அனுப்பிருவாவ. மகனைப் பாக்கணும். மகளையும் பாக்கணும்ல?"

"பேரு எழுத மாட்டேன். நம்பர் மட்டும் போடுவேன்."

டம்ளரைக் கவிழ்த்துவைத்தார். "அண்ணன் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு மொத வருசம். இதே மஞ்சக்காமாலை. கருப்பாப் போச்சு. ஒம்பதாம் நாளு போயிட்டான். எங்க அம்மாவோட தம்பியும் அப்படித்தானாம். அய்யனார் கோவில் அருவித் தண்ணியக் குடிச்சுட்டு வந்து படுத்தான்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டோம்." பிறகு தணிந்த குரலில், "இவனுக்கு இன்னிக்கு எட்டாம் நாளு" என்றார்.

மில் கூட்டாளி சைக்கிளில் சோழபுரம் போய், சீனியம்மாளின் தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டான். பதினொன்றரைக்கு வந்தார். மருமகனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்கள். வந்ததும் சட்டைக் கையைத் தோள்வரை மடித்தார்.

"எம்புட்டு வேணுமோ எடுங்க. ரெண்டு பாட்டில்னாலும் சரி."

"மூணு மில்லி போதும்ணே."

"மூணு மில்லியா? கொசுவே இதுக்கு மேல எடுக்குமே. இதுக்கா சோலிய விட்டுட்டு வந்தேன்?"

சீனியம்மாளிடமும் எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று மட்டும் சீட்டு ஒட்டி வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். பன்னிரண்டே கால். மூன்றே காலுக்குத் தெரியும். டாக்டர் மில் குவார்ட்டர்ஸுக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார், ஐந்து மணி ரவுண்டுக்குத்தான் வருவார். அடுத்த மாத்திரை ஆறு மணிக்கு. ஒருவேளை அவர் வரத் தாமதமானால்?

ரோஸ்மேரியிடம் போய் நின்றேன். "சிஸ்டர், ஆறு மணி மாத்திரைய டாக்டர் வர்ற வரைக்கும் நிறுத்திவைக்க முடியுமா?"

"பேனாவுல எழுதினத நிறுத்த நான் யாருட்டி? நீ யாரு?"

"இல்ல சிஸ்டர், ஒரு டெஸ்ட்..."

"டெஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் எனக்குத் தெரியாது. ஆறு மணின்னா ஆறு மணிக்குக் குடுப்பேன்." குருசாமியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அவன் காலையில இருந்து ஓங்கரிக்கான். வாந்தி எடுக்கிறவனுக்கு மாத்திரை குடுக்கக்கூடாதுன்னு எனக்கும் சொல்லிக்குடுத்திருக்காவ. செத்த நேரம் பொறுத்துத்தான் குடுக்கணும். போ, உன் சோலியப் பாரு."

மூன்றே காலுக்குக் குழாய்களை எடுத்தேன். தாய்மாமன் குழாய் பழுப்பு. ஒப்பீட்டுக்கு வைத்த பழுப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. சீனியம்மாளுடையது இரண்டுக்கும் நடுவில் நின்றது.

டாக்டர் ஐந்தரைக்கு வந்தார். குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கி, நோயாளியின் மோவாயைத் திருப்புவது போலவே ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பரு யாரு?"

"குருசாமியோட தாய்மாமன் சார்."

"பேரு கெடையாதா அவனுக்கு?"

"எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. வீட்டுல ஒரு கல்யாணம் இருக்கு." புத்தகத்தை விரித்து, பொடி எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்.

வார்டுக்கு நடந்தார், நான் பின்னால் போனேன். ஷீட்டை எடுத்தார். பென்சிலைத் தொடவில்லை. பேனாவால் மாத்திரையை அடித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி 'குடி' என்ற சொல்லின் மேல் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஏலே, நீ குடிக்கலதான்."

குருசாமிக்குக் கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. "அதத்தான சார் ஒரு வாரமாச் சொல்லுதேன்" என்றான்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். தாய்மாமனின் ரத்தம் அல்ல. தன்னுடையது ஏன் வேண்டாம் என்று அவர் கடைசிவரை கோபித்துக்கொண்டார். நான்காம் நாள் சிறுநீர் வெளுக்கத் தொடங்கியது. மஞ்சள் இறங்க இரண்டு மாதம் ஆயிற்று. அடுத்த மாதத்தில் அச்சடித்த கேஸ் ஷீட்டில், தகப்பன் வழிக்குக் கீழே 'தாய்மாமன்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று சீனியம்மாளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். குருசாமியும் தம்பியும் தொடக்கூடாத மருந்துகள் ஏழு: சல்ஃபா மாத்திரை, மலேரியா மாத்திரையில் ஒரு வகை, குஷ்டத்துக்குக் கொடுப்பது, நீர்க்கடுப்புக்குக் கொடுப்பதில் இரண்டு, இப்படி. ஆஸ்பத்திரி பெயருள்ள தலைப்பைக் கத்தரித்துவிட்டேன். பாக்கியத்துக்கும் இந்தக் குறை பாதி இருக்கலாம், அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு முழுதாக வரலாம், அவளையும் சோதிக்க வேண்டும் என்றேன். சீனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். "கல்யாணம் முடியட்டும் தாயி. பொறவு இந்தத் தாளை நானே அவகிட்டக் குடுத்துச் சொல்லுதேன்."

பேர் வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒத்துக்கொண்டேன்.

"இம்புட்டுத்தான? இதுக்கு மேல ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா, இம்புட்டுத்தான்" என்று சொல்லி, ஏழாவது வரிக்குக் கீழே சிவப்பில் இரட்டைக் கோடு போட்டேன்.

தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். கலோரிமீட்டர் போய் மெஷின் வந்துவிட்டது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பிறந்து நாலு நாளான ஆண் குழந்தையை எடுத்துக்கொண்டு ஒரு பெண் லேப் ஜன்னலுக்கு வந்தாள். உள்ளங்கால்வரை மஞ்சள். சீட்டை நீட்டுவதற்கு முன்பே, "அக்கா, எங்க அண்ணனுக்கும் எங்க தாய்மாமனுக்கும் ரத்தம் உடையுற கோளாறு இருக்கு" என்றாள். யாரும் கேட்காமல் ஒருத்தர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. நிமிர்ந்து பார்த்தேன், ராஜபாளையத்தில் பார்த்த முகம். பாக்கியம்.

பிலிருபின் இருபத்தேழு. இருபதைத் தாண்டினாலே குழந்தையின் மூளைக்கு ஆபத்து. மெஷினை நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். இருபத்தெட்டு.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. நானும் ஒண்ணும் தின்னல. மாசமா இருக்கையில காய்ச்சல் வந்தப்பக்கூட ஒரு மாத்திரை போடல. நீங்க எழுதினதுல உள்ள எதையும் எங்க வீட்டு வாசப்படி ஏற விடல." மஞ்சள் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். என் கையெழுத்து. ஏழு வரி. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

தாளைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது.

"இத எங்க வச்சிருந்த?"

"டிரங்குப் பெட்டியில. அம்மா குடுத்த நாள்ல இருந்து அதுலதான் பத்திரமா இருக்கு."

"அந்துருண்டை போட்டிருக்கியா அதுல?"

"போடாம? சேலையெல்லாம் பூச்சி அரிச்சிருமே."

குழந்தை சுற்றியிருந்த துணியைப் பார்த்தேன். பழைய நூல் சேலை, நாலாக மடித்தது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடக் கூடாது, பழகிய பழஞ்சேலையில்தான் சுற்ற வேண்டும். "இது?"

"அம்மாவோட சேலைக்கா. பேரன் பொறந்தாச் சுத்தணும்னு எடுத்துவச்சிருந்தாவ. அதே பெட்டியில."

சேலையை உருவி எடுத்து வாசலுக்கு வெளியே போட்டேன். என் மேல்கோட்டைக் கழற்றிச் சுற்றினேன். அந்துருண்டையும் அந்த ரத்தத்தை உடைக்கும். படிக்கிறபோது அதுவும் படித்தேன்தான். ஆனால் பட்டியல் எழுதியபோது மருந்து என்று தலைப்புப் போட்டு மருந்துகளை மட்டும் எழுதினேன். அந்துருண்டை மருந்து இல்லை. அவள் என் பட்டியலைப் பத்திரப்படுத்திய இடத்திலேயே என் பட்டியலில் இல்லாதது இருந்தது.

இதைப் பாக்கியத்திடம் அப்போதே சொன்னேன். "தப்பு என்னோடது. நான் எழுதாம விட்டுட்டேன்." அவள் குழந்தையைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் மதுரைக்குக் கடிதம் எழுதினார். வாடகைக் காரில் அனுப்பினோம். அங்கே குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள். மூன்று நாள் எனக்கு ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் ஒரு மருந்துக் கடை போனில் குருசாமி பேசினான். "பால் குடிக்கான்" என்றான்.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தார்கள். குழந்தையைக் குருசாமி வைத்திருந்தான், தாய்மாமன் முறைக்கு. நான் குதிகாலில் குத்தியதும் குழந்தை வீறிட்டது. குருசாமி அவன் காதருகே குனிந்து, "மருமவனே, காதுகுத்துக்கு மாமன் மடியக் கேப்பேன்னு பாத்தா, பொறந்ததும் மாமன் ரத்தத்துல பங்கு கேட்டுட்டியேலே" என்றான். பாக்கியம் சிரிக்கவில்லை, ஆனால் அண்ணன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

பிறகு அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். வாசனை இன்னும் போகவில்லை. "விட்டுப்போனத எழுதித் தாங்கக்கா."

கோட்டுக்கு மேலே இடமில்லை. கீழே எழுதினேன். எட்டு: அந்துருண்டை. அது போட்டு வைத்த துணியும்.

"இம்புட்டுத்தானாக்கா? இன்னும் இருக்கா?"

"தெரியல பாக்கியம். தெரிஞ்சா எழுதித் தாரேன்" என்றேன். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. கோடு போடாமல் தாளை மடித்துக் கொடுத்தேன்.